குறைமாதக் குழந்தைகளின் கண் பாதுகாப்பு

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மாதர் பகுதியினர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் யான் இலக்கியப் பொருள் பற்றியே பேசி வந்திருக்கிறேன். இவ்வாண்டும் நம் காரியதரிசியவர்கள் ஒரு காப்பியத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். யான் அதற்கு மாறாக, வைத்தியப் பொருளொன்றைக் குறித்துப் பேச இடந்தர வேண்டுமென்று கேட்டுக்கொண்டேன். "பண்டிதருக்கும் வைத்தியத்துக்கும் யாது சம்பந்தம்?" என்று அவர்கள் நகைத்தார்கள். சம்பந்தம் உண்டு. அஃது இன்னதென்பதை இப்பேச்சின் நடுவே கூறுவேன்.

நம் தாய்மார் குழந்தையைக் கண்ணே என்றும் கண்மணியே என்றும் விளித்துத் தாலாட்டுகின்றனர். கண்ணின் நடுவிலுள்ள கருமணிக்குப் பாவை என்று ஒரு பெயருண்டு. பாவை என்பது பதுமைக்கும் பெயராம். ஒருவர் கண்ணை மற்றொருவர் அண்மையிலிருந்து நோக்குங்கால், நோக்குபவர் உருவமே ஒரு சிறு பதுமை போல் அக்கருமணியில் தோன்றுகின்றதன்றோ? குழந்தையின் கண்ணில் தாய் காண்பது தன் உருவத்தையே. அக்கருமணிக்குப் பின்னே நிகழ்வது யாதென்பதை எந்தத் தாயும் வெறுங்கண்ணாற் காண வியலாது. இன்று யான் சொல்லப் புகும் செய்தி முழுவதும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளது.

முதலிற் குறைமாதம் என்பது யாது என்று பார்ப்போம். பத்து மாதம் சுமந்து பெறுதல் என்பது நம் நாட்டு வழக்கு. இதனைக் கேட்கும் இளைஞர் சிலர், கர்ப்ப காலம் ஒன்பது மாதந்தானே என்று ஐயுறுவதுண்டு. மாதமொன்றுக்கு 28 நாளாகக் கணக்கிட்டால் பத்து மாதத்துக்கு 280 நாள், அதாவது 40 வாரம் ஆகும். கடைசி விலக்கு நாள் தொட்டு வைத்தியர்கள் எண்ணும் கணக்கும் அந்த 40 வாரமே. ஆகவே நம் முன்னோர் கணக்குப் பிழையன்று. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்குங் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்றும், அவற்றுள் ஏறத்தாழ 30 லட்சம் நம் இந்திய நாட்டிற் பிறந்தன என்றும் கணக்கிட்டிருக்கின்றனர். இத்தொகையில் வேறெந்த நாடும் நமக்கு மேற்பட்டதில்லை.

இக்குழந்தைகளின் கண்ணுக்கு நேரும் இடையூறு யாது? கண்ணின் உட்புறத்தே, பின்சுவரில் ஒட்டிய மெல்லிய படலம் ஒன்றுண்டு. அதனை விழித்திரை என்பர். நாம் காணும் பொருளின் ஒளி வந்து படிவது அத்திரையிலேயே. அதற்கு உணவூட்டும் இரத்தக் குழாய்கள் கருவின் 16ஆம் வாரம் அளவிலே, பார்வை நரம்பு கண்ணிற் புகுமிடத்தே முளைக்கத் தொடங்குகின்றன. வேர் மண்ணிற் பரவுவது போல மெல்ல மெல்லப் பரவி, மூக்கின் பக்கத்து ஓரத்தை 36ஆம் வாரம் அளவிலும், காதின் பக்கத்து ஓரத்தை 40ஆம் வாரம் அளவிலும் சென்று சேர்கின்றன. ஆகவே 30 வாரத்திற் பிறந்த குழந்தையின் கண்ணில் அவ்வேர்கள் பாதி வழியிலேயே நிற்கின்றன. எஞ்சிய வழியை அவை தாயின் வயிற்றுக்கு வெளியே நடந்து தீர்க்க வேண்டியவாயின.

வயிற்றினுள் இருக்குங்கால் குழந்தைக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவானது. வெளிவந்தவுடன் அது மிகுதியாகின்றது. மூச்சுத் திணறும் சிசுவுக்குக் கருவி வாயிலாகக் கொடுக்கும்போது இன்னும் மிகுதியாகின்றது. "வேண்டியது வந்துவிட்டது; இனி வளர வேண்டுவதில்லை" என்று எண்ணியன போல இரத்தக் குழாய்கள் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. சில வாரங்கள் கழிந்தபின், வளர்ந்துவரும் விழித்திரை உணவின்றித் தவித்து ஒருவகை இரசத்தைச் சுரக்கின்றது. அதன் ஏவலால் புதிய குழாய்கள் ஒழுங்கின்றி, திரையை விட்டு மேலெழுந்து, கண்ணின் நடுவெளியிற் கிளைக்கின்றன. அவை வலிமையற்றவை, இரத்தங் கசிவன, நாளடைவில் வடுவாகிச் சுருங்குவன. சுருங்கும் வடு விழித்திரையைத் தன்னுடன் இழுத்துச் சுவரிலிருந்து பெயர்த்துவிடுகின்றது. திரை முற்றும் பெயர்ந்தபின் அக்கண் இருண்டதே.

இந்நோயை வைத்தியர்கள் ஐந்து படியாகப் பகுத்துள்ளனர். முதலிரண்டு படி பெரும்பாலும் தாமே ஆறிவிடும். மூன்றாம் படியில் ஒழுங்கற்ற குழாய்கள் தோன்றும். நான்காம் படியில் திரை ஓரளவு பெயரும். ஐந்தாம் படியில் முழுதும் பெயரும். படியை மட்டுமன்றி, நோய் திரையின் எப்பகுதியில் நிற்கின்றது, குழாய்கள் புடைத்து முறுக்கேறியுள்ளனவா என்பவற்றையும் நோக்கியே சிகிச்சை வேண்டுமா வேண்டாவா என்று முடிவு செய்வர்.

நிற்க. இந்நோய் உலகுக்குத் தெரிய வந்த வரலாறு நாமனைவரும் சிந்தித்தற்குரியது. 1942ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்துக் கண் வைத்தியர் தியோடர் டெரி என்பவர், குறைமாதத்திற் பிறந்து பிழைத்த குழந்தைகள் சிலரின் கண்வில்லைக்குப் பின்னே வெண்ணிற நார்ப்படலம் மூடியிருத்தலைக் கண்டு முதன்முதலாக எழுதினார். அதன்பின் பத்தாண்டு காலத்தில் இந்நோய் கொள்ளைநோய் போலப் பெருகிற்று. உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் கண்ணிழந்தனர் என்பர். வியப்பு யாதெனில், ஏழை நாடுகளிலன்றிச் செல்வ நாடுகளிலே, அவற்றுள்ளும் சிறந்த கருவிகளையுடைய வைத்தியசாலைகளிலே அது மிகுந்திருந்தது. காரணம் காணாது பலர் பலவாறு மயங்கினர்.

1951இல் ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரத்து வைத்திய அம்மையார் கேட் காம்ப்பெல் என்பவர், பிராணவாயுவை மிகுதியாக வழங்கிய இடத்தில் நோய் மிகுதியாகவும், அளவாக வழங்கிய இடங்களில் அருகியும் இருத்தலை எடுத்துக் காட்டினார். பின்னர் அமெரிக்காவில் 18 வைத்தியசாலைகள் ஒன்றுகூடி 1953இல் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவு 1954இல் வெளிவந்து அவர் கூற்றை மெய்ப்பித்தது. குழந்தையின் உயிரைக் காக்கும் பொருட்டு அன்போடு வரையாது வழங்கிய காற்றே அதன் கண்ணைப் பறித்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் நாட்டுப் பழமொழிக்கு இதனினும் கொடிய உதாரணம் வேறுண்டோ?

வரலாறு இத்துடன் முடியவில்லை. பிராணவாயுவுக்கு அஞ்சிய வைத்தியர்கள் அதனை மிகவும் குறைத்தனர். கண்ணிழந்த குழந்தைகள் குறைந்தனர். ஆயின் மூச்சின்றி மாண்ட குழந்தைகள் மிகுந்தனர். ஒரு கண்ணிழப்பைத் தடுத்ததற்குப் பதினாறு உயிர்கள் விலையாயின என்று 1973இல் ஆங்கில நாட்டு வைத்தியர் ஒருவர் மதிப்பிட்டு எழுதினார். 2010இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியும் இரத்தத்திற் பிராணவாயுவின் அளவைச் சற்றே தாழ்த்தி வைத்தால் கண்ணோய் குறைகின்றதென்றும், மரணம் கூடுகின்றதென்றும் காட்டிற்று. ஆதலின் மிகையும் தீது, குறையும் தீது. இடைப்பட்ட அளவொன்றைக் கருவி கொண்டு இடைவிடாது காத்து நிற்றலே இன்றைய முறை. அங்ஙனம் காப்பினும் சில குழந்தைகட்கு நோய் வந்தே தீரும். ஆகவேதான் கண்ணைச் சோதித்தல் இன்றியமையாததாயிற்று.

செல்வ நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் 1,500 கிராமுக்கு உட்பட்ட மிகச்சிறு குழந்தைகளையே பற்றுகின்றது. நம் நாட்டிலோ அதனினும் எடை மிகுந்த குழந்தைகளையும் பற்றுகின்றது. ஆதலால் 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளையும், 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளையும் தவறாது சோதிக்க வேண்டுமென்று நம் நாட்டு விதி கூறுகின்றது. 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்தவையாயினும், பிராணவாயு நெடுநாள் பெற்றவை, இரத்தத்தில் நச்சுக்கிருமி புகுந்து நோயுற்றவை ஆகியவற்றையும் சோதித்தல் வேண்டும். முதற் சோதனை பிறந்த 30 நாளுக்குள் நிகழ வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவற்றுக்கும், 1,200 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே நிகழ வேண்டும். தாய்மார்களே, வேறெல்லாம் மறந்தாலும் அந்த 30 என்னும் எண்ணை மறவாதீர்கள்.

இனி, யான் முன்னர்க் கூறிய சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும்.

நான்காண்டுகளுக்கு முன் என் இளைய தங்கை 30ஆம் வாரத்தில் ஓர் ஆண்மகவைப் பெற்றாள். எடை 1,300 கிராம். 26 நாள் சிசுக்காப்பறையில் வைத்திருந்து, உயிர் தேறியபின் வீட்டுக்கு அனுப்பினர். அனுப்புங்கால் செவிலியம்மையார் சீட்டில் ஒரு தேதியைக் குறித்து, அதன் கீழே இரண்டு கோடிட்டு, "அன்றைக்குக் கண் பார்க்க வேண்டும்; தவறக்கூடாது" என்று வாயாலும் சொல்லியனுப்பினார். அத்தேதி குழந்தையின் 30ஆம் நாள்.

வீட்டிற் பெரியவர்கள் தடை சொன்னார்கள். 40 நாள் கழியாமல் பிள்ளையைத் தெருவாசல் தாண்டவிடலாகாது. தீட்டு ஒருபுறம், கண்ணேறு ஒருபுறம். இத்தனை சிறிய உடம்பைப் பேருந்தில் ஏற்றினால் தாங்குமா என்றார்கள். என் தங்கை கணவர் ஒன்றும் தோன்றாமல் எனக்குத் தொலைபேசியிற் பேசினார். "மச்சான், நீங்கள் படித்தவர்கள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்றார். யான் குழந்தையை முன்னாள்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். விளக்கைக் கண்டால் இமை கூசிற்று; கண்ணிரண்டும் கரிய மணியாக ஒளி வீசின. "கண் நன்றாகத்தானே இருக்கிறது. பெரியவர்கள் சொல்வதும் பொருளுடையதே. 40 கழியட்டும், மாப்பிள்ளை, பிறகு போகலாம்" என்று சொன்னவன் யானே.

40 கழிந்தது. பின்னர் ஒரு திருமணம் குறுக்கிட்டது. பின்னர் மழை. 52ஆம் நாள் சென்றோம். வைத்தியர் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி நெடுநேரம் நோக்கினார். நிமிர்ந்தவர் முதலிற் கேட்டது, "ஏன் முன்னமே வரவில்லை?" என்பதே. என் தங்கை கணவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை யான் இன்றுவரை தாங்க முடியாதவனாக இருக்கிறேன்.

வலக்கண்ணின் திரை பெயர்ந்துவிட்டிருந்தது. இடக்கண்ணுக்கு மறுநாளே லேசர் ஒளிச் சிகிச்சை செய்து அதனைக் காத்தனர். வலக்கண்ணுக்குப் பின்னர்ச் செய்த சத்திரம் பயன் தரவில்லை. இப்போது அவன் பள்ளிக்குச் செல்கிறான். கனத்த கண்ணாடி அணிந்து, தலையைச் சற்றே வலப்புறம் திருப்பி, காத்த கண்ணைப் பலகைக்கு நேரே கொண்டுவந்து எழுத்தைக் காண்கிறான். அகரம் எழுதிக் காட்டி, "மாமா, சரியா?" என்று கேட்கிறான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் எழுத்தைத் திருத்திய கை இது. அவன் எழுத்தைத் திருத்துங்கால் மட்டும் நடுங்குகின்றது.

இதனை இரக்கத்தின் பொருட்டு யான் சொல்லவில்லை. யான் செய்த பிழை எத்தன்மையது என்று அறிந்துகொள்ளுங்கள். கண்ணின் புறத்தே பார்த்து அகத்தே நோயில்லை என்று முடிவு கட்டினேன். இந்நோயில் கண் சிவப்பதில்லை, பீளை தள்ளுவதில்லை, வீங்குவதில்லை, குழந்தை அழுவதுமில்லை. கருமணியில் வெண்மை தோன்றுவதை வீட்டார் காண்பராயின், அது பெரும்பாலும் காலங் கடந்தபின் தோன்றும் குறியே. கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பது வேறெந்த நோய்க்கும் இவ்வளவு பொருந்தாது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் யான் பலகாலும் சிந்தித்தேன். குழந்தையை வைத்தியரிடம் எடுத்துச் செல்லலாகாது என்று யான் கற்ற நூல் எதிலும் கண்டதில்லை. 40 நாள் வீட்டில் வைத்துக் காத்தல் என்பது தாய்க்கு ஓய்வும், சிசுவுக்குத் தொற்றின்மையும் கருதி ஏற்பட்ட வழக்கமாதல் வேண்டும். அதன் நோக்கம் குழந்தையைக் காத்தல். அந்நோக்கத்தையே மதிப்போமாயின், 30ஆம் நாள் கண்ணைச் சோதித்தலும் அவ்வழக்கத்தின்பாற் பட்டதேயாம். வழக்கத்தின் உடலைப் பற்றிக்கொண்டு உயிரைக் கைவிட்டேன் யான். நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டா.

சோதனையைக் குறித்து அச்சமும் வேண்டா. கண்ணில் மருந்து விட்டு மணியை விரியச் செய்து, இமையைச் சிறு கருவியால் விலக்கி, தலையில் விளக்கணிந்த வைத்தியர் கண்ணாடி வில்லையொன்றின் வழியே உட்புறத்தை நோக்குவர். சில நிமிட வேலை. குழந்தை அழும், அவ்வழுகையைத் தாய் பொறுக்கத்தான் வேண்டும். சோதனைக்குச் சற்று முன்னர்ப் பால் புகட்டாதிருத்தல் நன்று. ஒருமுறை பார்த்துக் குற்றமில்லை என்றதும் வீட்டிலிருந்துவிடலாகாது. இரத்தக் குழாய்கள் ஓரம் வரை சென்று முடியும் வரையில், வைத்தியர் குறிக்கும் நாளிலெல்லாம், வாரந்தோறுமோ இருவாரத்துக்கொரு முறையோ செல்ல வேண்டும். சிகிச்சை வேண்டுமென்று சொன்னால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும். நல்ல நாள் பார்க்கும் நோய் இஃதன்று. லேசர் ஒளியால் குழாய் பரவாத பகுதியைச் சுடுதலும், கண்ணுக்குள் ஊசிமருந்து செலுத்துதலும் இன்றைய முறைகள். உரிய காலத்திற் செய்தால் பெரும்பாலான கண்கள் பிழைக்கும். பிழைத்தபின்னும் கிட்டப்பார்வை, மாறுகண் முதலியன வரக்கூடுமாதலின் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு வழியில்லாமலில்லை. 2013இல் தொடங்கிய அரசாங்கக் குழந்தை நலத் திட்டத்தில் இந்நோயும் சேர்ந்துள்ளது. 2017இல் இதற்கென விதிமுறைகளும் வெளியாயின. கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற பணியாளர் ஊர்தோறும் படக்கருவியுடன் சென்று சிசுக்களின் விழித்திரையைப் படமெடுத்துப் பெங்களூருக்கு அனுப்ப, வைத்தியர் அங்கிருந்தே நோக்கி முடிவு கூறும் ஏற்பாடு நடந்து வருகின்றது. 1819இல் நிறுவப்பெற்று இன்று நம் சென்னை எழும்பூரில் உள்ள அரசாங்கக் கண் வைத்தியசாலையும், மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையும் உலகறிந்தவை. கண் சோதனையைப் பற்றிப் பெற்றோர்க்கு எடுத்துரைத்து உரிய காலத்திற் செய்விக்கத் தவறுதல் கடமை தவறுதலே என்பதை, நம் மாகாணத்து வழக்கொன்றில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் நிலைநாட்டி, கண்ணிழந்த பெண்ணுக்கு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் ஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. வைத்தியசாலை சொல்லவில்லையாயின் நாம் கேட்க வேண்டும். சொல்லியிருப்பின் நாம் செல்ல வேண்டும்.

நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். முதலாவது: நம் உறவில் எவ்வீட்டிலேனும் குறைமாதத்தில் மகப்பேறு நிகழ்ந்ததென்று கேட்டால், ஆணா பெண்ணா என்று வினவுமுன், எத்தனையாம் வாரம், எடை என்ன, கண் பார்க்கும் தேதி எது என்னும் மூன்றையும் வினவுங்கள். இரண்டாவது: வளைகாப்பு நிகழும் இல்லந்தோறும் நம் மாதர் பகுதியினர் ஒரு சிறு சீட்டைக் கொடுக்கட்டும்; அதில் 30 என்னும் எண்ணும் அதன் பொருளும் இருந்தால் போதும். மூன்றாவது: நம் கல்வி நிதியினின்று ஒரு சிறு பகுதியைப் பிரித்து, வசதியற்ற குடும்பங்கள் குழந்தையுடன் நகரத்துக்குச் சென்று வரும் வண்டிச் செலவுக்கு உதவுங்கள். கல்விக்கென்று திரட்டிய பணமாயிற்றே என்று ஐயுற வேண்டா. எழுத்தும் கண்ணின் வழியே செல்வதுதானே? உதவி கேட்டு வருபவர் நம் குலத்தாரல்லராயினும் மறுக்காதீர்கள். எக்குலத்துக் குழந்தையின் விழித்திரையும் ஒரே வகையாகவே அமைந்துள்ளது.

மற்றொன்று. குறைமாதத்திற் பிள்ளை பிறந்தால் தாயைப் பழித்தல் நம்மிடையே உளது. அவளுக்குக் கர்ப்ப காலத்தில் நல்லுணவும், இரத்தசோகைக்கு மருந்தும், காலந்தவறாத சோதனையும் கிடைக்கச் செய்தல் நம் கடமை. பழித்தல் நம் உரிமையன்று. பார்வையை இழந்துவிட்ட குழந்தையையும் மூலையில் அமர்த்திவிடலாகாது. 1950இல் ஆறு வாரம் முந்திப் பிறந்து இந்நோயாற் கண்ணிழந்த ஸ்டீவி வொண்டர் அமெரிக்க நாட்டின் பெரும் இசைப்புலவர்களுள் ஒருவரானார். கண் போயிற்றென்று கல்வியும் போக வேண்டுவதின்று.

சகோதரர்களே! இச்செய்தியை யான் நான்காண்டுகளுக்கு முன் அறிந்திருந்தால் என் தங்கை மகன் இன்று தலையைத் திருப்பாமலே என்னை நோக்குவான். யான் அறியாதிருந்தேன்; அறியாதவன் அறிந்தவன் போல் விடை சொன்னேன். இன்று இவ்வவையில் இருப்போர் எவரும் இனி அறியோம் என்று சொல்வதற்கில்லை.